அண்ணி வளர்த்த பாம்புக் குஞ்சுகள்

கல் உப்பைத் தூவி ஒட்டவைத்தது போல மேலெல்லாம் சொரசொரத்த அந்த வெள்ளை முட்டைகளை, அண்ணி மண்வெட்டியை வீசிவிட்டு இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அமெரிக்காவில், ஆலன் என்ற ஊரில் அண்ணன் வீட்டுக் கொல்லை. சுரைக்காய் போடுவதற்காக மக்கிப்போன இலைக்குவியலைக் கிளறிக்கொண்டிருந்தோம். டெக்சாஸ் வெயில் மண்டையைப் பிளந்தது. குவியல் கலைந்ததுமே தீ எறும்புகள் மொய்க்கத் தொடங்கிவிட்டன. "இப்படியே விட்டா எறும்பு தின்னுரும்" என்றாள் அண்ணி. எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, புரண்டுவிடாமல் ஒவ்வொன்றாக எடுத்து, ஈர மண் நிரப்பிய டப்பாவில் வைத்தாள். பாம்பு என்ற சொல்லுக்கே குலை நடுங்குகிறவள் நான். "அண்ணி, உங்களுக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினேன். அவள் அடுத்த முட்டைக்குப் புள்ளி வைத்தாள்.

அந்த வருடம் வசந்தத்தில்தான் அண்ணிக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்திருந்தது. வேலை கிடைத்து நான் அவர்கள் வீட்டு மாடியறையில் தங்கியிருந்த காலம். அந்தப் பேச்சை வீட்டில் ஒருவரும் எடுப்பதில்லை. அண்ணன் லேப்டாப்பே கதியென்று கிடந்தான். அண்ணி ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு மறுபடி வேலைக்குப் போனாள். நானோ அவளிடம் சமையலைப் பற்றியும் சீரியலைப் பற்றியும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். அதை மட்டும் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

அந்தக் கோடையிலேயே எங்கள் ஊர் கோபியிலிருந்து அம்மா வந்து சேர்ந்தாள். மருமகளுக்கு நாகதோஷம் என்று ஜோசியர் சொல்லியிருந்தாராம். வருவதற்கு முன் புற்றுக்குப் பால் ஊற்றிவிட்டுத்தான் விமானமே ஏறியிருக்கிறாள். இங்கே வந்து பார்த்தால் டப்பாவில் பாம்பு முட்டை! "நாகாத்தாளே வூடு தேடி வந்துட்டா பாரு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அத்தை, இது நாகமில்லைங்க. நம்மூர்ச் சாரை மாதிரி. விஷமே கெடையாது" என்று அண்ணி சொன்னது அம்மா காதில் ஏறவே இல்லை. கோச்விப் என்று இங்கே அதற்குப் பெயர். வளர்ந்ததும் வால் பின்னிய சாட்டை போல இருக்குமாம்.

கோடை முடிகிற சமயத்தில் நான்கு மட்டும் பொரிந்தன. பென்சில் கனம்கூட இல்லை. கண் மட்டும் பெரிது. அப்பப்பா, என்ன கோபம் அதற்குள்! ஆள் நிழல் பட்டாலே வாலை உதறிக்கொண்டு கண்ணாடித் தொட்டியில் முட்டி முட்டி மூக்குத் தோலைக் கிழித்துக்கொண்டன. அண்ணி தொட்டிகளைச் சுற்றிப் பழுப்புக் காகிதம் ஒட்டினாள். ஒளிந்துகொள்ள மரப்பட்டை, ஒரு ஓரத்தில் மட்டும் சூட்டு விளக்கு, இன்னொரு ஓரத்தில் தண்ணீர்க் கிண்ணம். முதல் சட்டை உரித்த பிறகுதான் இரை எடுக்கும் என்று பாம்பு வளர்ப்பவர்களிடம் ஆன்லைனில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். சட்டையும் உரித்தன. இரைதான் எடுக்கவில்லை. கடையில் வாங்கிய உறைந்த எலிக்குஞ்சைச் சீந்தவே இல்லை. தேங்காய்த் துருவலும் முருங்கைக்காயும் இருக்கிற ஃப்ரீஸரில் எலிக்குஞ்சைக் கண்டு அம்மா போட்ட கூச்சலை ஏன் கேட்கிறீர்கள்!

அவற்றுக்கு வேண்டியது பல்லி. வாசல் விளக்கடியில் வேண்டிய மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. "பல்லியப் புடிச்சுப் போடறதா? அந்தப் பாவம் வேற சேரணுமா நமக்கு?" என்று அம்மா குறுக்கே நின்றாள். அண்ணி சண்டை போடவில்லை. ஓடும் பல்லி அறுத்துப்போட்ட வாலை எடுத்து எலிக்குஞ்சின் மேல் தேய்த்து வைத்தாள். வாசனைக்கு மயங்கி மூன்று விழுங்கின. எல்லாவற்றிலும் சிறியது மட்டும் சுருண்டே கிடந்தது. ஆபீஸிலிருந்து வந்ததும் கைப்பையைக்கூடக் கழற்றாமல் அண்ணி அதன் முன்னால்தான் போய் உட்காருவாள். அது பிழைத்தாக வேண்டும் அவளுக்கு. எதற்காக என்று எங்களுக்குத் தெரியாமலா இருந்தது?

ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் வீடு திரும்பியபோது அந்த அறையில் புளித்த வாடை. தொட்டிகளுக்கெல்லாம் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கிண்ணங்களில் பால் ஊற்றியிருந்தாள் அம்மா. சூட்டு விளக்கில் பால் திரிந்துபோயிருந்தது. மற்றவை தொடவில்லை போலிருக்கிறது. சின்னதன் வாயோரம் மட்டும் வெள்ளை காய்ந்திருந்தது. பாம்புக்குப் பால் செரிக்காது என்பது புற்றில் ஊற்றிவிட்டு வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? புற்றுக்குள் பாம்பு குடித்ததா இல்லையா என்று யார் நின்று பார்த்தார்கள்? மறுநாள் பகலில் அது வயிறு உப்பிச் செத்துக் கிடந்தது.

மற்ற மூன்றும் தேறின. அடுத்த வசந்தத்தில் ஓடைக்கரைப் புல்லில் விட்டோம். திரும்பிப் பார்க்காமல் ஓடிப்போயின. அண்ணிக்கு இன்றுவரை குழந்தை இல்லை. கல்யாண வீடுகளில் யாராவது "இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று ஆரம்பித்தால், "அவளக் கேக்காதீங்க, என்னையக் கேளுங்க" என்று அம்மா சீறுகிறாள். அம்மாவா இப்படி என்று உறவுக்காரர்கள் வாயைப் பிளக்கிறார்கள். எனக்கு ஆச்சரியமே இல்லை. சின்னது செத்துக் கிடந்த அந்தச் சனிக்கிழமை நான் அங்கே இருந்தேன்.

அண்ணி தரையில் உட்கார்ந்து தொட்டியை மடியில் வைத்திருந்தாள். அம்மா முந்தானையைக் கசக்கிக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"நாந்தாங் கண்ணு கொன்னுபோட்டேன்."

"உங்களுக்குத் தெரியாதுங்க அத்தை" என்றாள் அண்ணி. தொட்டி ஓரத்துக் குங்குமத்தை விரலால் துடைத்தாள். பிறகு, "நான் ஒழுங்காத்தானுங்க பாத்துக்கிட்டேன். இதையும்... அதையும் ஒழுங்காத்தான் பாத்துக்கிட்டேன்" என்றாள்.

அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள். ஊரில் அத்தனை கோயிலும் ஏறி இறங்கியவள், அத்தனை ஜோசியரையும் கேட்டவள், மருமகளிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. எங்களில் ஒருவருமே கேட்டதில்லை.

"அன்னைக்கு ரொம்ப வலிச்சுதா கண்ணு?"

"வலிச்சுதுங்க அத்தை" என்று சொல்லி, அந்த வீட்டில் முதல்முறையாக அண்ணி வாய்விட்டு அழுதாள்.