என் சேலையில் மருமகள்

நாலு மணி நேரத் தூக்கமே எனக்குப் போதும் என்று ஊரெல்லாம் பெருமை பேசியவள் நான். விடியுமுன் மாடு கத்தும், எழுந்து கறப்பேன். அப்படிப்பட்ட எனக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கியதும், மருமகள் காந்திபுரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள்.

“நல்லாத் தூங்குனாத்தானுங்கம்மா பிரஷர் எறங்கும், நரம்பும் இதயமும் ஓய்வெடுக்கும். மாத்திரை மட்டும் பத்தாதுங்க,” என்றார் அவர்.

“அப்புறம் மாட்டை ஆருங்க கறப்பாங்க? என்னையத் தவிர ஒருத்தரையும் கிட்ட உடாதுங்க,” என்றேன்.

சில நாள் கழித்து, கண் விழித்தால் பொழுது விடிந்துகொண்டிருந்தது. மாடு கத்தவே இல்லை! பதறிப்போய்க் கட்டுத்தரைக்கு ஓடினேன். டவுனில் வளர்ந்த மருமகள் என் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு பால் கறந்துகொண்டிருந்தாள்.

“என்ற சேலை எதுக்கு அம்மணி?”

“உங்க வாசத்துக்குத்தானுங்க அத்தை மாடு நிக்குது. பேசிக் காட்டிக் குடுத்துறாதீங்க, போய்ப் படுங்க.”

பக்கத்துத் தோட்டத்தில் கறக்கப் பழகியிருக்கிறாள். தானும் நேரத்தில் படுக்க, இப்போது இருட்டியதுமே டிவியை அணைத்துவிடுகிறாள்.

அடுத்த தடவை டாக்டரம்மா பார்த்தபோது என் பிரஷர் இறங்கியிருந்தது. இன்றும் ஊரெல்லாம் பெருமை பேசத்தான் செய்கிறேன், நன்றாகத் தூங்கி எழுந்து, என் மருமகளைப் பற்றி.