குணேஸ்வரி அக்காவும் குளிர்ந்த கைகளும்

கதவைத் திறந்ததும் குணேஸ்வரி அக்கா முதலில் கையைத்தான் பிடிப்பார். "வாங்கோ" எல்லாம் பிறகு. அடுத்து முகத்தைப் பார்ப்பார், வயிற்றைப் பார்ப்பார். ஜெர்மனியில் டுசல்டோர்ஃபில் தொடங்கி பீலெஃபெல்டில் முடிகிற என் வயிற்றைப் பார்த்து முடிக்க மட்டும் அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

"குளிர் உடம்பு. உங்களுக்கு இஞ்சித் தண்ணி. சீனி கேக்கக் கூடாது."

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொரியக் கடையில் அக்காவுக்கு வேலை. உடம்பு நாலு வகை, கையைத் தொட்டால் எந்த வகை என்று தெரிந்துவிடும், மெலியக் குடிப்பதையும் உடம்பைப் பார்த்தே குடிக்க வேண்டும் என்பது முதலாளி பாக் அம்மாவின் வைத்தியம். அந்த நாலில் அக்கா பிடித்துக்கொண்டது இரண்டு: குளிர் உடம்புக்கு இஞ்சி, சூட்டு உடம்புக்கு வறுத்த பார்லி. மற்ற இரண்டையும் கேட்பதற்குள் கடைக்குச் சனம் வந்துவிட்டதாம்.

வைத்தியம் முழுக்க அவருடைய கணவர் பேனாட் அண்ணைக்காக. அண்ணைக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. எடை குறைந்தால்தான் ஆபரேஷன் என்று டொக்டர் சொல்லிவிட்டார். போன குளிர்காலம் முழுவதும் அண்ணை இஞ்சி குடித்தார். நெஞ்சு எரிந்தது. பனியில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தார். பசி கிளம்பி, பிட்டுப் பானையையும் சேர்த்துத் தின்னுமளவுக்குப் போனார். எடை ஏறியது.

பயந்துபோன அக்கா அவரைக் கடைக்கு இழுத்துப் போனார். பாக் அம்மா அண்ணையை ஹீட்டர் பக்கத்தில் உட்கார வைத்து, ஊர்க்கதையெல்லாம் கேட்டு, ஆறுதலாகக் கையைத் தொட்டார். அசல் சூட்டு உடம்பு என்றார். நீ எங்கே வைத்துத் தொட்டாய் என்று அக்காவைக் கேட்டார். வாசலில் என்றதும் அந்த அம்மா சிரித்த சிரிப்பில் அலுமாரிப் போத்தல்கள் ஆடின. ஜெர்மன் குளிரில் டிராமுக்கு நின்றுவிட்டு வருகிறவன் கை வேறெப்படி இருக்கும்? அதற்குள் நகரத்துத் தமிழர் பாதிப்பேர் இஞ்சி குடித்து முடித்திருந்தோம்.

அக்கா அசரவில்லை. "நான் பிழை சொல்லேல்லை. இந்த நாட்டு வாசல்தான் பிழை."

அன்றிலிருந்து அண்ணைக்குப் பார்லி. ஊரே பியரில் நீந்திய உலகக் கோப்பைக் கோடையிலும் அவர், "வைக்கோல் அவிச்ச தண்ணி" என்று முனகிக்கொண்டே அதைத்தான் குடித்தார். பெல்ட்டில் புது ஓட்டைகள் விழுந்தன.

போன கிழமை நான் அங்கே இருந்தபோது அண்ணை டொக்டரிடமிருந்து பனியோடு வந்தார்.

"தையிலை ஆபரேஷன். நாள் குறிச்சு டெர்மின் தந்திட்டினம்."

அக்கா வாசலிலேயே அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சூட்டு உடம்பெண்டு எப்பவோ முடிவாச்சே அக்கா, பிறகென்ன பரிசோதனை?" என்றேன்.

"பொறுங்கோ," என்றார், அந்தக் கைகளைத் தேய்த்தபடி. "இன்னும் சூடாகேல்லை."