பிரேக்கைக் கைக்கு மாற்றச் சொன்னவர்

நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் ஃபேரர் பார்க்கில் என் பட்டறைக்கு வந்த எந்த வண்டியும் ஓடாமல் திரும்பியதில்லை. ஒருநாள் ஒரு பஸ் டிரைவர் தன் மகளுக்காகத் துருப்பிடித்த கோ-கார்ட் ஒன்றை, பிள்ளைகள் ஓட்டும் குட்டிப் பந்தய வண்டியை, கொண்டுவந்தார். பெரிய உடம்பு. வரும்போதெல்லாம் முழங்காலை மடக்கி அந்தக் குட்டி சீட்டில் உட்கார்ந்து பார்ப்பார்.

"பாப்பாவுக்குக் கால்ல பலம் குறையுது அண்ணே, பிரேக்கைக் கைக்கு மாத்திடுங்க" என்றார். மாற்றினேன். அடுத்த மாதம் கையும் தளர்ந்துவிட்டதாம், பிடியை லேசாக்கினேன்.

மூன்றாம் முறை, "பக்கத்துல இன்னொரு சீட் போட முடியுமா? நான் ஓட்டுறேன், அவ சும்மா உக்காந்து வரட்டும்" என்றார்.

"அதெல்லாம் நமக்கு ஒரு பெரிய வேலையா லா!" என்றேன்.

"தலையைத் தாங்கவும் ஏதாவது வைங்கண்ணே."

எப்போது வேண்டும் என்று எல்லோரிடமும் கேட்பேன். அவரிடம் கேட்க வாய் வரவில்லை. அவர் நிற்கும்போதே வெல்டிங்கைத் தொடங்கிவிட்டேன்.