டிபன் டப்பாவில் ஓடிய மீட்டர் கேஜ்

நான் ரயிலை வீடியோ எடுக்கும்போது பக்கத்தில் யாராவது இருமினால்கூட எனக்குக் கோபம் வரும். திண்டுக்கல்லைத் தாண்டி, பழனி பாதையில் ஒரு லெவல் கிராசிங் ஓரமாக நின்று எடுப்பேன். மின்சார எஞ்சின் வெயிலில் மினுங்கிக்கொண்டு வருவதைப் பார்க்கக் கண் போதாது.

என் மனைவி ஒட்டன்சத்திரத்துக்காரி. தண்டவாளத்தை ஒட்டிய வீட்டில் வளர்ந்தவள். வீடியோவைப் போட்டுக் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

“படமெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. அந்தத் தடக்கு தடக்கைக் காணோமே?”

மீட்டர் கேஜ் காலத்தில் தண்டவாளத் துண்டுகள் சேரும் இடங்களில் சிறு இடைவெளி இருந்தது, இப்போது ஒரே நீளமாகப் பற்றவைத்துவிட்டார்கள் என்று விளக்கினேன்.

“அது எனக்குத் தெரியாதுங்களா?” என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளும் கூட வந்தாள். ரயில் வந்தது. நான் எடுக்க ஆரம்பித்ததும், பின்னால் காலி டிபன் டப்பாவில் அவள் விரல்கள் தட்டத் தொடங்கின. தடக்கு தடக்கு, தடக்கு தடக்கு. திட்டத் திரும்பியவன் அப்படியே அசந்து நின்றேன். பாலம் வந்த இடத்தில் தாளம் கனத்தது. மேட்டில் மூச்சு வாங்கியது.

எதிரே போன ரயில் எப்போதோ மறைந்துவிட்டது. நான் வீடியோவை நிறுத்தவில்லை. அவளுடைய ரயில் இன்னும் ஒட்டன்சத்திரம் போய்ச் சேரவில்லை.