காலி டிராலி

உப்பளங்களில் துருப்பிடித்துக் கிடந்த டிராலிகளை எடுத்துத் தேய்த்து, பச்சைப் பெயிண்ட் அடித்து, முத்தையாபுரம் பக்கம் ஒரு பழைய கிட்டங்கியில் மியூசியம் வைத்திருந்தார் ஒரு உப்பு முதலாளி. தள்ளிய ஆட்களுக்கு நிழல் கொடுக்காத மனுஷன், டிராலிகளுக்கு ஃபேன் போட்டிருந்தார்.

போயே ஆக வேண்டும் என்று அண்ணன்தான் நச்சரித்தான். வாலிப வயதிலிருந்து தண்டவாளத்தில் உப்பு டிராலி தள்ளியவன். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபின் என் வீட்டில்தான் இருந்தான். தினமும் காலையில் சுவரில் கை வைத்துத் தள்ளிப் பழகுவான். மறுபடியும் அளத்து வேலைக்குப் போய்விடலாம் என்று ஒரு நினைப்பு. வேலையெல்லாம் நடக்காது, ஆனால் இந்தப் பழக்கத்தை விட்டால் படுக்கைதான் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். அவனிடம் பாதியைத்தான் சொன்னேன்.

அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோயில் படுத்தவன் திரும்பி வந்தால் கங்காணி எதுவும் கேட்க மாட்டார், காலி டிராலியைக் காட்டுவார். ஒற்றை ஆளாக நகர்த்தினால் வேலை. இல்லையென்றால் வீட்டைப் பார்த்து நடக்க வேண்டியதுதான்.

மியூசியத்தில் டிராலியைக் கண்டதும் அண்ணன் என் தோளை விட்டான். காலை இழுத்துக்கொண்டே போய் இடது தோளைக் கொடுத்தான்.

"அண்ணாச்சி, தொடக் கூடாது" என்று காவலாளி ஓடி வந்தார்.

அவன் காதில் வாங்கவில்லை. பல்லைக் கடித்துத் தள்ளினான். கழுத்து நரம்பு புடைத்தது. டிராலி அசையவில்லை.

"ஏளா, காலி டிராலிளா. நவுர மாட்டேங்கு."

குனிந்து பார்த்தேன். உருண்டுவிடக் கூடாதென்று சக்கரத்தைத் தண்டவாளத்தோடு வெல்டு வைத்திருந்தார்கள். பெயிண்டில் அது மறைந்திருந்தது.

"அண்ணே, வெல்டு வச்சிருக்கானுவ. பத்துப் பேரு தள்ளுனாலும் நவுராது."

"ஆமா அண்ணாச்சி, வெல்டுதான்" என்றார் காவலாளியும்.

அண்ணனால் குனிந்து பார்க்க முடியாது. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். படுத்த நாளிலிருந்து அவனிடம் எல்லோரும் நல்லதாகவே சொல்லிவந்தோம். அடுத்த மாசம் ஓடப்போறே என்று நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! இதையும் அதோடு சேர்த்துக்கொண்டான்.

"சரிளா, போவோம்" என்றான்.

மறுநாள் காலை சுவர் அருகே கூட்டிப்போகக் கையைப் பிடித்தேன். எழுந்திருக்கவில்லை. கெஞ்சினேன், திட்டினேன், அழுதும் பார்த்தேன். அவன் சிரித்தான்.

"கெட்டிக்காரிளா நீ. அந்தக் காவக்காரனையும் பொய் சொல்ல வச்சிட்டியே."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பிறகு அவன் எழவேயில்லை.