ஈர்க்கால் அளந்த பெற்றோல்

எனக்குச் சந்தேகம் பிறவிக்குணம். கடைக்காரர் சீனி நிறுக்கும்போது அவருடைய முகத்தைப் பார்க்காமல் தராசுத் தட்டைப் பார்க்கிற பிள்ளை நான். இந்தக் குணத்தால் எனக்கு இன்றுவரை ஒரு சதத்துக்கும் நன்மை வந்ததில்லை. பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற அந்த வருடத்தில், ஒரு மனிதருக்குத் தீமை மட்டும் வந்தது. அவர் என் தாய்மாமா. எனக்கு அப்போது பதின்மூன்று வயது.

மாமா ஏறாவூரில் ஒரு கராஜில் மோட்டார் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தவர். ஓடுவதற்கே எண்ணெய் இல்லாதபோது திருத்துவதற்கு யார் வருவார்கள்? கராஜைப் பூட்டிவிட்டார்கள். மாமா ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியகல்லாற்றுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்தவருக்கு என் அறையைக் கொடுத்தார்கள். நானும் என் புத்தகங்களும் அம்மாவின் தையல் மெசினுக்குப் பக்கத்தில் ஒதுங்கினோம். சந்தேகம் அந்த இடத்திலேயே முளைவிட்டுவிட்டது என்பதை இப்போது மறைத்து என்ன பயன்?

அப்பா வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சின்ன பைக் ஒன்று வைத்திருந்தார். அதில் பெற்றோல் காட்டும் முள் எந்தக் காலத்திலோ செத்துப்போயிருந்தது. வாரத்துக்கு இவ்வளவுதான் என்று எண்ணெய் நிரப்பும் செட்டில் அளந்து ஊற்றும் பெற்றோல் அவருக்கு வியாழக்கிழமையோடு தீர்ந்துவிடும். பிறகு பைக்கை அவர் உருட்டிக்கொண்டு வருவார்.

வந்த இரண்டாம் நாள் மாமா பைக்கை முற்றத்தில் டபுள் ஸ்டாண்டில் நேராக நிமிர்த்தி, பின்சில்லைக் கையால் சுற்றிவிட்டார். அது அரைச் சுற்றில் நின்றது.

“அத்தான், இவ்வளவு நாளும் பிறேக்கைப் பிடிச்சபடியே ஓடியிருக்கிறீங்க. பாதி எண்ணெய் இதுக்கே போயிருக்கும்.”

அன்று முழுக்கப் பைக்கோடு கிடந்தார். பிறேக்கைத் தளர்த்தினார், காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினார், ஒரு பிடி புழுதி கொட்டியது. செயினைத் துடைத்து எண்ணெய் விட்டார். வெயில் ஏறுமுன் டயருக்குக் காற்று அடித்தார். அதெல்லாம் சரி. அதற்குப் பிறகுதான் அப்பாவுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினார்.

“அக்சிலேற்றரை முறுக்காதீங்க அத்தான், தடவுங்க. கெதியா மேல் கியருக்குப் போயிருங்க. சந்தியில ஆக்களோட கதைக்கிறதெண்டா எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுக் கதைங்க.”

அப்பா சந்திக்குச் சந்தி பைக்கை உறுமவிட்டபடி ஊர்க்கதை பேசுகிறவர். அந்த வாத்தியார் ஒரு மாணவனைப்போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்ததை என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த அடி என் தலையிலேயே விழுந்தது. நான் காலையில் அப்பாவுக்குப் பின்னால் ஏறிப் பள்ளிக்கூடச் சந்தியில் இறங்குவது வழக்கம். மாமா என் கால்களைப் பார்த்தார்.

“மருமகளுக்குக் கால் நல்லாத்தானே கிடக்கு? நடந்து போகட்டும். பாரம் குறைஞ்சா எண்ணெயும் மிஞ்சும்.”

நடந்தேன். நடந்த ஒவ்வொரு அடிக்கும் மாமாவைத் திட்டினேன். இதில் கொடுமை என்னவென்றால், எண்ணெய் உண்மையிலேயே மிஞ்சியது. வியாழனில் தீர்ந்தது அடுத்த முறை வந்தும் மிஞ்சிக் கிடந்தது. அப்பா அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். வீட்டில் மாமாவுக்கு மீன்குழம்பில் நடுத்துண்டு விழத் தொடங்கியது.

அந்த நேரத்தில்தான் அண்ணனுக்கு வந்தாறுமூலைக் கம்பஸில் சோதனை எழுத வேண்டி வந்தது. திங்கட்கிழமை காலையில் அவன் அங்கே நிற்க வேண்டும். பஸ் ஓடுமா என்பது நிச்சயமில்லை. அப்பாதான் பைக்கில் கொண்டுபோக வேண்டும். அடுத்த பெற்றோல் முறை செவ்வாய்க்கிழமைதான். தாங்கியில் இருப்பதுதான் அண்ணனின் சோதனை என்றாகிவிட்டது. “போய்க் கிறுகி வந்தும், மறுகா ரெண்டு நாள் பள்ளிக்குடத்துக்குக் காணும்,” என்று மாமா அடித்துச் சொன்னார், போய்த் திரும்பி வந்தும் மிஞ்சும் என்று. அம்மா நம்பவில்லை. சாமிப்படத்துக்கு முன்னால் நின்றுகூடப் பெற்றோலைப் பற்றியே முணுமுணுத்தாள்.

சனிக்கிழமை பின்னேரம், என் பழைய அறையில் ஏதோ எடுக்கிற சாட்டில் மாமாவின் பையைக் கிண்டினேன். அதற்குள் ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் குழாய் ஒன்று சுருண்டு கிடந்தது. முகர்ந்தேன். பெற்றோல் மணம்! எனக்குப் பகீரென்றது; கூடவே, பொய் சொன்னால் ஆகாது, ஒரு சந்தோசமும் வந்தது.

அப்பா கடைக்குப் போய்வந்து பைக்கை மதிலோரம் விட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தேன். விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு ஒன்றை உருவி, தாங்கி மூடியைத் திறந்து, இடப்பக்கமாக அடிவரை விட்டு எடுத்தேன். நனைந்த இடத்தில் நகத்தால் கீறினேன். அன்றிரவு மாமா வழக்கம்போலப் பைக்கை நிமிர்த்தித் துடைத்துவிட்டுப் படுத்தார். ஞாயிறு விடிந்ததும் முதல் ஆளாக எழும்பி, அதே ஈர்க்கை அதே பக்கமாக விட்டுப் பார்த்தேன். ஈரம் என் கீறலுக்கு இரண்டு விரல் கீழே நின்றது.

காலைச் சாப்பாட்டுக்கு எல்லோரும் இருந்தபோது ஈர்க்கையும் குழாயையும் கொண்டுவந்து நடுவில் வைத்தேன்.

“இரவைக்கு ஆரோ பெற்றோல் எடுத்திருக்கு,” என்றேன். யாரென்று சொல்லவில்லை. குழாய் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

அண்ணன் புட்டைப் பிசைந்த கையோடு அப்படியே இருந்தான். அம்மா தன் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். “தம்பி, நாளைக்குப் பிள்ளைக்குச் சோதனை...” என்றாள்.

மாமா கோபிக்கவில்லை. அந்தக் குழாய், கராஜில் காபுரேட்டர் கழுவும்போது எண்ணெய் வடிக்க வைத்திருந்தது என்று மட்டும் சொன்னார். பிறகு ஈர்க்கைக் கையில் எடுத்தார். கீறலையும் ஈரத்தையும் பார்த்தார். முகம் ஒருமாதிரித் தெளிந்தது. என்னைப் பார்த்துக் கேட்டார்.

“மருமகள், நேற்று அளக்கக்குள்ள பைக் சைட் ஸ்டாண்டில சாய்ஞ்சு நிண்டதா, டபுள் ஸ்டாண்டில நிமிந்து நிண்டதா?”

கள்ளன் கதையை மாற்றப் பார்க்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்பா பைக்கை எப்போதும் சைட் ஸ்டாண்டில்தான் மதிலோரம் சாய்த்துவிடுவார். நேற்றும் அப்படித்தான் நின்றது. அந்தக் கேள்வியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கேட்கிறார் என்றால் அவருக்கு அதில் இலாபம் இருக்கும் என்று மட்டும் விளங்கியது. விடுவேனா?

“ரெண்டு தரமும் டபுள் ஸ்டாண்டில நிமிந்துதான் நிண்டது. நான் வடிவாப் பார்த்தன்,” என்றேன்.

மாமா என் முகத்தையே பார்த்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அவர்தான் தலையைக் குனிந்து ஈர்க்கை முறித்துப் போட்டார். அப்பா எழும்பிப் போய்ப் பைக்கை ஆட்டிப் பார்த்தார். சளக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அதில் எதைக் கண்டுபிடிக்க முடியும்? திரும்பி வந்து, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அந்தச் சாவி சட்டைப்பைக்குள் போனதை மாமா பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் நிற்கவில்லை. அம்மா படலைவரை அழுதுகொண்டே போனாள். நான் பைக்குக்குப் பக்கத்தில் நின்று, குழாயையும் கொண்டுபோகிறாரா என்று காவல் பார்த்தேன். போகுமுன் அவர் என்னிடம் வந்து, நிமிர்ந்து நின்ற பைக்கின் சீற்றில் இரண்டு தட்டுத் தட்டினார்.

“இனி அளக்கிறதெண்டா இப்பிடி நிமித்தி வச்சு அள, மருமகள்.”

பார்த்தாயா, கள்ளனுக்கு எவ்வளவு துணிச்சல் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை விடியமுன் அப்பாவும் அண்ணனும் போனார்கள். அண்ணன் நேரத்துக்குச் சோதனை எழுதினான். அப்பா பொழுதுபடத் திரும்பி வந்தார், அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கும் அதே எண்ணெயில் போய்வந்தார். “அவன் சொன்ன கணக்குச் சரியாத்தான் கிடக்கு,” என்றார் மெதுவாக.

“பயத்தில திருப்பி ஊத்தியிருப்பார்,” என்றேன் நான்.

அம்மா எழும்பிக் குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போனாள். எனக்கு என் அறை திரும்பக் கிடைத்தது. வழக்கில் வென்றவளாகவே அதற்குள் படுத்து உறங்கினேன், பாவி.

இப்போது அந்தப் பைக்கில் நான்தான் வேலைக்குப் போகிறேன். முள் இன்னும் செத்தபடிதான். போன மாதம் ஒருநாள் வழியில் நின்றுபோகுமோ என்று பயந்து, வாசலில் சாய்ந்து நின்ற பைக்குக்குள் ஈர்க்கை விட்டேன். தாராளமாக இருந்தது. செயினைப் பார்க்கலாமென்று டபுள் ஸ்டாண்டில் நிமிர்த்திவிட்டு, என் பிறவிக்குணம் விடாமல் இன்னொரு தரம் விட்டேன். ஈரம் இரண்டு விரல் இறங்கியிருந்தது. ஒரு துளி குறையவில்லை. சாய்ந்து நின்றபோது இடப்பக்கம் ஒதுங்கி உயர்ந்த எண்ணெய், நிமிர்ந்தபோது பரவித் தாழ்ந்திருந்தது. அவ்வளவுதான்.

ஈர்க்கோடு வாசலிலேயே குந்திவிட்டேன். வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. அன்று அவர் எழும்பிப் போய்ப் பைக்கை ஒருதரம் சாய்த்துக் காட்டியிருந்தால் அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்திருக்கும். எல்லோருடைய கண்ணும் என் பக்கம் திரும்பியிருக்கும். அவர் பேசாமல் இருந்ததைக் குற்றம் என்று நினைத்த எனக்கு, என் பொய்யை அவர் அந்த நிமிடமே கண்டுகொண்டார் என்பது அன்று தெரியவில்லை.

மாமா இப்போது கட்டாரில் இருக்கிறார். அன்றே அவருக்குப் போன் கோல் எடுத்தேன்.

“மாமா, அண்டைக்கு நான் சைட் ஸ்டாண்டில வச்சுத்தான் அளந்தன்.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஏதோ மெசினை அவர் நிப்பாட்டினார்.

“தெரியும் மருமகள்,” என்றார். “டயருக்குக் காத்து அடிக்கிறனியா?”

“ஓம் மாமா, கிழமைக்குக் கிழமை,” என்றேன். அடித்து மூன்று மாதமாகிறது.