ஐந்தாம் எண்ணுக்கு ஒரு வார்த்தை

மலைக்காய்ச்சலுக்குப் பயந்து எந்தக் கம்பவுண்டரும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்காத கொல்லிமலை ஆஸ்பத்திரியில் நான் மூன்று வருஷம் இருந்தேன். கல்யாணம் ஆகாதவன், கேட்க நாதியில்லை, தள்ளிவிட்டார்கள். பகலெல்லாம் கொயினா மிக்சரும் சிரங்குக் களிம்பும். நாலு மணிக்கு மேல் பேச ஒரு ஜீவன் கிடையாது. மலைக்காரர்கள் நல்லவர்கள்தான். ஆனால் சாமைக் காட்டில் முதுகொடிய வேலை செய்துவிட்டு வருகிறவரை நிறுத்தி எதைப் பேசுவது?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஆல்பம்தான் எனக்கு மனுஷ சகவாசம். என்னைப்போல் ஆசைக்குப் படம் எடுக்கும் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு படத்தைச் சேலத்திலிருந்த காரியதரிசிக்கு அனுப்புவோம். அவர் அவற்றை ஆல்பமாக்கி ஒவ்வொருவருக்காகத் தபாலில் சுற்றவிடுவார். ஒவ்வொரு படத்துக்கும் எதிர்த்தாளில் அபிப்பிராயம் எழுத வேண்டும். முதலில் நல்லதைச் சொல்லி, பிறகு குறையைச் சொல்ல வேண்டும். பேர், ஊர் எதுவும் கிடையாது, எண் மட்டும்தான். பேர் தெரிந்தால் தாட்சண்யம் வந்துவிடுமாம். நான் எட்டு.

மற்றவர்கள் இரண்டு வரி எழுதினால் நான் தாளின் இரண்டு பக்கமும் எழுதுவேன். அதிலும் ஐந்தாம் எண் என்றால் கை நிற்காது. அந்த ஆள் எப்போதும் ஒரே அறையைத்தான் எடுத்தார். ஒரு ஜன்னல், ஒரு கட்டில் கால், ஒரு தண்ணீர்ச் சொம்பு. உச்சி வெயிலில் எடுக்காதீர்கள், காலை எட்டு மணிக்கு எடுங்கள் என்று எழுதினேன். எதிர்ப்பக்கம் வெள்ளை வேட்டியைக் கட்டிவிடுங்கள், வெளிச்சம் திரும்பி வரும். சொம்பின் உயரத்துக்குக் குனியுங்கள். நிழலைக் கண்டு பயப்படாதீர்கள். அடுத்த சுற்றில் பழைய தாள்களும் கூடவே வரும்; என் தாளில் அவர் பென்சிலால் 'முயல்கிறேன்' என்று பதில் எழுதியிருப்பார். அந்த ஒரு வார்த்தையை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

ஒரு சுற்றில் காரியதரிசி ஒரு சீட்டு வைத்திருந்தார். எட்டாம் எண்காரர் அபிப்பிராயம் சொல்வதில்லை, பிரசங்கம் செய்கிறார் என்று ஓர் உறுப்பினர் குறைப்பட்டாராம், நாலு வரிக்குள் முடிக்கலாமாம். எனக்குச் சுருக்கென்றது. நாலு வரி என்ன, ஒரு வார்த்தை போதுமே! பன்னிரண்டு பேரில் என்னைத் தவிர்த்துப் பதினொரு தாளிலும் 'நன்று' என்று எழுதித் தள்ளினேன்.

ஐந்தாம் எண்ணின் படத்தை நான் பார்க்காமல் எழுதவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது. காலை வெயில், வேட்டி திருப்பிக் கொடுத்த வெளிச்சம், சொம்பின் உயரத்தில் கேமரா, பயமில்லாத நிழல். நான் ஒரு வருஷமாக எழுதிய அத்தனையும் அதில் இருந்தது. கை எழுதத் துடித்தது. வீம்பு பிடித்த மனுஷன், 'நன்று' என்றே எழுதினேன்.

அடுத்த ஆல்பத்தில் பதினொரு படங்கள்தான் வந்தன. ஐந்து இல்லை. பழைய தாளில் என் ஒற்றை வார்த்தைக்குக் கீழே பென்சிலில் எழுதியிருந்தது: 'எட்டாம் எண்ணாருக்கு. இதைத் தங்களுக்காகவே எடுத்தேன். என்ன தவறு என்று தெரியவில்லை. படம் எடுப்பதை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.'

அன்று ஆஸ்பத்திரியைச் சீக்கிரம் பூட்டிவிட்டு, அந்த ஒரு படத்தைப் பற்றி ஒன்பது தாள் எழுதினேன். மன்னிப்பும் கேட்டேன். காளப்பநாயக்கன்பட்டிக்கு மிளகு விற்கப் போகும் குடியானவர்தான் என் தபாலையெல்லாம் கொண்டுபோவார். ஐந்தாம் எண்ணுக்கு அனுப்பிவைக்கும்படி காரியதரிசிக்கு ஒரு குறிப்பும் வைத்து, அவர் விலாசமிட்டுக் குடியானவரிடம் கொடுத்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து அதே குடியானவர் அந்தத் தடித்த கவரைத் திரும்பக் கொண்டுவந்தார். ஐந்தாம் எண்காரர் இருந்த வீட்டைக் காலிசெய்துவிட்டார்களாம், போன இடம் தெரியவில்லையாம். காரியதரிசி ஒரு வரி எழுதியிருந்தார். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

குடியானவர் போகாமல் நின்றார். "இது நாங் கொண்டுபோய்ப் போட்ட கவருதானுங்களே, டாக்டரு. ஆருக்குங்க எழுதுனீங்க, ஒறமொறைங்களா?"

எனக்கு அந்த ஆளின் பேர் தெரியாது, ஊர் தெரியாது, ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ஆமாம், உறவுதான் என்றேன்.